கோல்ட், கூல், சில்ட்: உப்புவெளி விடுதியின் பலகைக்கு எந்தச் சொல்?

சித்தியின் மகன் உப்புவெளியில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறான். அதன் முன்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு. சித்திரை பிறந்து கடல் அடங்கினால் நிலாவெளிக்கும் புறாத் தீவுக்கும் வெளிநாட்டார் வரத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியது எழுத வேண்டும் என்று, கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாளோடு ஒரு மாலை வீட்டுக்கு வந்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் இப்படியான தாள்கள் என்னிடம் வந்து சேர்வது வழக்கம். தாளில் ஏழு வரிகள் இருந்தன, ஏழிலும் ஏதோ ஒரு குளிர் இருந்தது: கோல்ட் ரூம்ஸ், கோல்ட் ஃபிஷ், கூல் வாட்டர், கூல் கிங் கோக்கனட், ஐஸ் கோப்பி, சில்லி க்ராப், டிசம்பர் கோல்ட் சீசன்.

"அக்கா, எல்லாம் குளிர்தானே, எதைப் போட்டாலும் வெள்ளைக்காரருக்கு விளங்கும்" என்றான். பலகை எழுதுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவர். ஆகையால் நான்கு எழுத்தில் முடியும் கோல்டும் கூலும் அவனுடைய கணக்குக்குப் பிடித்த சொற்கள். விளங்கும் என்று அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன விளங்கும் என்பதில்தான் எங்கள் இருவருக்கும் அன்றிரவு பத்து மணி வரை வழக்கு நடந்தது. அந்த வழக்கில் எடுத்துப் பார்த்த சொற்களையும், எதை எதற்காகத் தள்ளினோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அகராதியைப் புரட்டினால் இச்சொற்கள் வெப்பமானியின் கோடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதாகத் தோன்றும். கூல் என்றால் இளங்குளிர், சில்லி என்றால் அதைவிடச் சற்றுக் கூட, கோல்ட் என்றால் குளிர், ஃப்ரீசிங் என்றால் உறைகுளிர். வகுப்பில் நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் ஏணி வரைந்து இப்படித்தான் படிப்பித்தேன். அந்த ஏணி முழுப் பொய் அன்று, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒரு வரி கூடச் சரியாக எழுத முடியாது. 20 பாகை செல்சியசில் வீசும் ஒரே காற்றை, வெயிலில் நடந்து களைத்தவர் கூல் என்பார். நனைந்த உடுப்போடு நிற்பவர் சில்லி என்பார். மேற்சட்டை இல்லாமல் நுவரெலியாவுக்குப் போன திருகோணமலைக்காரர் ஃப்ரீசிங் என்பார். எவ்வளவு குளிர் என்பதைவிட, அந்தக் குளிரை ஒருவர் வேண்டி நின்றாரா, வேண்டாமல் அகப்பட்டுக்கொண்டாரா, அல்லது ஒருவர் முனைந்து உண்டாக்கினாரா என்பதையே இச்சொற்கள் முதலில் சொல்லுகின்றன.

கோல்ட், கூல், சில் ஆகிய மூன்றும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. லத்தீன் வழியாக வந்த ஜெல், ஜெலி, பனியாற்றைக் குறிக்கும் கிளேசியர் ஆகியவையும் அதே வேரின் தூரத்துச் சொந்தங்கள்தான். உடன்பிறந்தவை என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இருத்த முடியாது. அவற்றைப் பிரித்தறிய எனக்கு உதவியது சொல்லின் வால்தான். சில்லி, ஐசி, ஃப்ரோஸ்ட்டி, நிப்பி என்று இகர ஓசையில் முடிபவை உடம்பு உணர்வதைச் சொல்லுபவை. அவற்றில் பெரும்பாலும் ஒரு முறைப்பாடு ஒட்டியிருக்கும். சில்ட், ஐஸ்ட், ஃப்ரோசன் என்பவை வினையிலிருந்து வந்த எச்சங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் உண்டு, அதாவது ஒருவர் வேண்டுமென்றே குளிரூட்டினார் என்று பொருள். விற்பவர் இரண்டாம் கூட்டத்தில் தேட வேண்டும், முதற் கூட்டத்தை வாடிக்கையாளரின் வாய்க்கு விட்டுவிட வேண்டும் என்பது நான் தம்பிக்குச் சொன்ன முதல் விதி. விதிக்கு அடங்காதவற்றில் முக்கியமானவை கோல்டும் கூலும்தான். அவன் தாளில் அதிகம் இருந்தவையும் அவை இரண்டும்தான்.

மீனை முதலில் எடுத்தோம், ஏனென்றால் பிழை அங்கேதான் பெரியது. காலையில் கரைவலையிலும் படகிலும் வருகிற பாரை, அறக்குளா, சூரை, கணவாய் என்று எதையாவது வாங்கி, நொறுக்கிய ஐஸ் நிரப்பிய ரிஜிபோம் பெட்டியில் அடுக்கி வாசலில் வைப்பான். வருபவர்கள் மூடியைத் திறந்து, விருப்பமானதைக் கைகாட்டிப் பொரித்தோ சுட்டோ வாங்கிக்கொள்வார்கள். அதைச் சொல்லத்தான் கோல்ட் ஃபிஷ். ஆங்கிலத்தில் ஒருவரைக் கோல்ட் ஃபிஷ் என்று சொன்னால், சிரிப்பும் அழுகையும் இல்லாத, கை கொடுத்தாலும் பிடிப்பு இல்லாத மனிதர் என்று பொருள். பலகையில் அந்தச் சொற்களைக் கண்டு படம் எடுத்துக்கொண்டு போவார்களே தவிர உள்ளே வர மாட்டார்கள். நகைச்சுவையை விட்டுவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. தமிழில் நாம் ஆறியது என்றும் குளிர்ந்தது என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் கோல்ட் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. சூடாக இருக்க வேண்டிய பண்டத்தின் முன்னால் கோல்ட் வந்தால் அது ஆறிப்போனது. குளிராக இருக்க வேண்டிய பண்டத்தின் முன்னால் வந்தால் அது குளிர்ந்தது. கோல்ட் வாட்டர் நல்ல தண்ணீர், கோல்ட் டீ ஆறின தேத்தண்ணி. சாப்பாட்டுக் கடை வாசலில் மீனுக்கு முன்னால் கோல்ட் என்று எழுதினால், காலையில் பொரித்து மாலை வரை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மீன் என்றே ஒருவர் நினைப்பார்.

அடுத்து வந்தது ஐஸ்ட். ஐஸ் போட்டது என்பது நேர்ப் பொருள், மீன் வணிகத்தில் அந்தச் சொல் வழங்கவும் செய்கிறது. ஆனால் சாப்பாட்டுப் பட்டியலில் ஐஸ்ட் என்றதும் ஆங்கிலேயர் நினைவுக்கு வருவது கேக்கின் மேல் பூசும் சீனிப் பூச்சு. ஐஸ்ட் பன் என்பது மேலே வெள்ளைச் சீனி படர்ந்த பணிஸ். சில்ட் ஃபிஷ் பிழையற்றது. பனிக்கட்டி உருகும் வெப்பநிலையான 0 பாகைக்கு அண்மையில், உறையவிடாமல் வைத்த மீன் என்பதே அதன் பொருள். இருந்தாலும் அந்தச் சொல்லில் பேரங்காடியின் கண்ணாடித் தட்டும் பிளாஸ்ரிக் உறையும் தெரிகின்றன, கடற்கரை தெரியவில்லை. ஃப்ரோசன் என்றால் உறைந்து கல்லானது. உறைந்த மீனுக்குப் பன்னாட்டு வணிகம் கேட்பது −18 பாகை அல்லது அதற்குக் கீழ். இன்றைய மீனை அந்தப் பெயரால் அழைப்பது தன் சரக்கைத் தானே தாழ்த்துவதாகும். மீன் வியாபாரத்தில் ஃப்ரெஷ் என்பதற்கு உறையவைக்கப்படாதது என்றுதான் பொருள். ஐஸில் வைத்திருப்பது அந்தப் பெயருக்குத் தடையில்லை. ஆகவே ஃப்ரெஷ் ஃபிஷ் ஆன் ஐஸ் என்று எழுதினேன். ஆன் ஐஸ் என்பதற்கு ஒரு காரியத்தைக் கிடப்பில் போட்டுவைப்பது என்ற வழக்கும் உண்டு, ஆனால் மீனோடு சேரும்போது அந்த நினைவு யாருக்கும் வராது. "எட்டு எழுத்திலே முடிந்தது பதினாலாப் போச்சே" என்று எண்ணிப் பார்த்துச் சொன்னான். பின்னால் டீப் ஃப்ரீசரில் முந்தின வாரத்துக் கணவாயும் இறாலும் இருப்பது எனக்குத் தெரியும். அவற்றுக்கு ஃப்ரெஷ் என்று போடக்கூடாது, ஃப்ரோசன் என்றே பட்டியலில் எழுது என்றேன். அதற்கு அவன் முகம் போன போக்கை எழுதத் தேவையில்லை. எழுதினான்.

அறை வரியில் தெரிவுகள் அதிகம், தீர்ப்பு எளிது. கோல்ட் ரூம் என்பது ஆங்கிலேயருக்கு இறைச்சியும் மருந்தும் வைக்கும் குளிர்க் களஞ்சியம். அவ்வாறு கொள்ளாதவர் கணப்பு இல்லாமல் நடுங்க வைக்கும் அறை என்று கொள்வார். கோல்ட் என்ற சொல்லோடு களஞ்சியப் பொருள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது: எலிபன்ட் ஹவுஸ் சோடா தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ். கூல் ரூம் பரவாயில்லை என்று நினைத்தால், அவுஸ்திரேலியர்கள் அந்தச் சொல்லாலேயே உள்ளே நடந்து போகக்கூடிய பெரிய குளிர்சாதன அறையைக் குறிக்கிறார்கள். மற்றவர்களோ அழகான, நவநாகரிகமான அறை என்று எடுத்துக்கொள்வார்கள். தென்னோலைக் கூரையும் இரண்டு கட்டிலும் உள்ள அறைக்கு அந்தப் புகழ் சற்று அதிகம். சில்ட் ரூம் என்று அவனுடைய மூத்த பையன் தொலைபேசியில் யோசனை சொன்னான். சில் என்பது 1980களுக்குப் பின் பதற்றமில்லாமல் ஓய்ந்திருப்பதற்கு இளையவர் வழங்கும் சொல்லாகிவிட்டது. கடற்கரையில் தொங்கும் ஊஞ்சற் படுக்கைக்கு அது பொருந்தும், குளிரூட்டிக்குப் பொருந்தாது. எயார் கூல்ட் என்பதும் வேண்டாம்: தண்ணீர் ஊற்றி ஓடவிடும் எயார் கூலர் என்று ஒருவர் விளங்கிக்கொண்டு, பிறகு ஏசி இருப்பதைக் கண்டால் மகிழ்வார், ஆனால் விளங்கிக்கொண்டதோடு அடுத்த விடுதிக்குப் போயிருப்பார். எயார் கண்டிஷன்ட் என்பது பதினான்கு எழுத்து. ஏசி ரூம்ஸ் என்று எழுதினால் ஏசிக்கு இரண்டே எழுத்து, எல்லா நாட்டாருக்கும் விளங்கும், ஒரு பொருள்தான் உண்டு. குளிர்ச் சொல் எதுவுமே தேவையில்லை என்பது இந்த வரியில் எங்களுக்குக் கிடைத்த இலாபம்.

தண்ணீருக்குக் கூலா கோல்டா என்பதில் தம்பி கூலின் பக்கம் நின்றான். அவனுடைய சான்று நம்முடைய தெருக்கள்தான். இலங்கை முழுவதும் பானமும் ஐஸ்கிறீமும் விற்கும் சிறு கடைகளுக்குக் கூல் ஸ்பொட் என்று பெயர். சிங்களத்தில் சிசில் பீம, தமிழில் குளிர்பானம், ஆகவே ஆங்கிலத்தில் கூல் ட்ரிங்ஸ். இலங்கை ஆங்கிலத்தில் இது பிழையென்று நான் சொல்ல மாட்டேன், அயலில் இந்தியாவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பலகையைப் படிக்க வருபவர் லண்டனிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ வருபவர். அவருக்குக் கூல் என்பது பானத்தின் தரத்தில் ஒரு குறை. போத்தலைத் தொட்டுப் பார்த்து, இது கூலாகத்தான் இருக்கிறது, கோல்டாக இல்லை என்று ஒருவர் சொன்னால் வேறொன்று எடுத்துத் தா என்று அர்த்தம். மருந்துப் பெட்டியில் இந்த வேறுபாடு இன்னும் கண்டிப்பானது. அமெரிக்க மருந்தியல் தொகுப்பு கோல்ட் என்பதை 8 பாகைக்கு மேற்படாதது என்றும், கூல் என்பதை 8க்கும் 15க்கும் இடைப்பட்டது என்றும் வரையறுக்கிறது. ஏணி உண்மையாக இருக்கும் ஓரிடம் அதுதான். மாப் பைக்கற்றிலும் பிஸ்கற்றிலும் கூல் அண்ட் ட்ரை ப்ளேஸ் என்று போட்டிருப்பதோ வெயில் படாத இடம் என்ற அளவில்தான். வைகாசியில் கச்சான் காற்று அடிக்கும்போது திருகோணமலையில் அப்படி ஓர் இடத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே தண்ணீருக்குக் கோல்ட். இளநீருக்கு மட்டும் சில்ட் என்று மாற்றினேன், காரணம் செவ்விளநீர் தானாகக் குளிராக இருக்க வேண்டிய பொருள் அன்று. குலையில் தொங்குவதைச் சீவிக் கொடுத்தால் அது வெயிலின் சூட்டோடுதான் இருக்கும், அதை அவன் இரவெல்லாம் பெட்டியில் வைத்திருந்து எடுத்துத் தருகிறான். அந்த வேலைக்குக் காசும் வாங்குகிறான். சில்ட் என்ற சொல் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறது. கோல்ட் வாட்டர், சில்ட் கிங் கோக்கனட் என்று அடுத்தடுத்து எழுதியபோது இரண்டும் ஒன்றையொன்று மறுக்காமல் நின்றன. ஐஸ் கோப்பியை ஐஸ்ட் கோப்பி என்று திருத்தியதோடு அந்த வரி முடிந்தது. ஓர் எழுத்துக்குத்தான் கூடுதல் காசு. கேக்குக்குச் சொன்ன சீனிப் பூச்சுச் சிக்கல் கோப்பிக்கு வராது.

சில்லி க்ராபில் தெரிவு எதுவும் இல்லை, எழுத்துத்தான் பிழை. ஐ எழுத்தில் முடிந்தால் மிளகாய், வை எழுத்தில் முடிந்தால் குளிர் உறைக்கும் நிலை. அவன் வை போட்டிருந்தான். மிளகாய் அரைத்துப் பிரட்டிய நண்டு, நடுங்கிக்கொண்டிருக்கும் நண்டாகிவிட்டது. இதே பிழையைப் பெரிய கடைகளின் அச்சடித்த பட்டியல்களிலும் கண்டிருக்கிறேன்.

குளியலறைக் குழாயைப் பற்றித் தாளில் வரி இல்லை, பேச்சில் வந்தது. சென்ற ஆண்டு இரண்டு அறைகளுக்குச் சுடுநீர் போட்டிருந்தான். எதற்கு எந்த எழுத்து ஒட்டுவது என்று கேட்டான். ஹொட், கோல்ட் என்பவற்றின் முதலெழுத்தான எச்சும் சியும் ஆங்கிலேயருக்குப் போதும். பிரெஞ்சுக்காரர் வீட்டுக் குழாயில் சி என்பது ஷோ, அதாவது சூடு. குளிருக்கு அவர்கள் எழுதுவது எஃப். இத்தாலியரின் கால்டோ காதுக்குக் கோல்ட் போலவே ஒலிக்கும், பொருள் சூடு. ஜெர்மானியரின் கால்ட் மட்டும் உண்மையிலேயே குளிர்தான். ஒரே எழுத்தை நம்பி நான்கு நாட்டாரும் குழாயைத் திருகினால் இரண்டு பேருடைய முதுகு சுடும். அது போதாதென்று, கூரையில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நண்பகலில் கொதித்துக் கிடக்கும். அங்கிருந்து கோல்ட் குழாய் வழியாக வருவது கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஏதோ ஒன்றின் தண்ணீரைப் போலத்தான் இருக்கும். ஒருமுறை அந்த நேரத்தில் கை கழுவப் போய் நானே கையை இழுத்துக்கொண்டேன். இங்கே எந்தச் சொல்லையும் தெரிவுசெய்யாமல், சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும் ஒட்டிவிடு என்றேன்.

டிசம்பர் வரியில்தான் எனக்கும் அவனுக்கும் உண்மையான மனத்தாங்கல் வந்தது. வைகாசி முதல் ஆவணி வரை வருபவர்களை மட்டும் நம்பாமல், மாரியிலும் அறைகள் நிரம்ப வேண்டும் என்பது அவன் எண்ணம். அது நியாயமான எண்ணந்தான். ஆனால் கோல்ட் சீசன் என்பது ஆங்கிலத்தில் தடிமன் பிடிக்கும் பருவம். தடிமனுக்கும் குளிருக்கும் அவர்களிடம் ஒரே சொல் என்பதால் இந்தச் சங்கடம் அடிக்கடி நேரும்: ஐ ஆம் கோல்ட் என்றால் எனக்குக் குளிருகிறது, ஐ ஹாவ் எ கோல்ட் என்றால் எனக்குத் தடிமன். வின்டர் என்று போடுவோமா என்றான். பனி பெய்யும் ஊரை விட்டு ஓடி வருபவரிடம், 28 பாகையில் வியர்த்துக்கொண்டு வின்டர் என்று சொன்னால் அவர் சிரிப்பார். அகராதியில் இன்னும் சில சொற்கள் இருந்தன. க்ரிஸ்ப் என்பது நல்ல சொல், ஆனால் வறண்ட, வெளிச்சமான, மூச்சை இழுத்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும் குளிருக்கு உரியது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து துவாயைக்கூடக் காயவிடாத நம்முடைய மார்கழிக்கு அதை வைப்பது பொய். பிரிஸ்க் காற்றுக்கு உரியது, அதில் உற்சாகம் உண்டு. ரோ என்ற சொல் ஈரக் குளிருக்குச் சரியாகப் பொருந்தும், ஆனால் விளம்பரத்தில் போடக்கூடிய சொல் அன்று. ஃப்ரிஜிட் என்ற சொல்லைப் பட்டியலில் கண்டதும் இது பெரிய சொல்லாக இருக்கிறதே என்று விரல் வைத்தான். லத்தீன் வழி வந்த அந்தச் சொல்லுக்கு ஃப்ரிஜ் நெருங்கிய உறவுதான். துருவப் பகுதிகளுக்கு வழங்கும், அமெரிக்கச் செய்தியறிக்கைகளில் கடுங்குளிருக்கும் வழங்கும். ஆனால் பெண்களை இழிவாகப் பேசுவதற்கு நெடுங்காலம் பயன்பட்டு அழுக்கேறிய சொல் அது. பானத்துக்கும் பருவத்துக்கும் மட்டுமல்ல, தேவையில்லாத எந்த இடத்திலும் எழுதாதே என்றேன்.

எஞ்சியது கூல். இங்கே அது உண்மையிலேயே பொருத்தமான சொல், காரணம் குளிரை ஒருவர் விரும்பும்போதுதான் அது கூல் ஆகிறது. கூல் பிரீஸ் என்பதில் கடற்காற்றின் இன்பம் முழுவதும் இருக்கிறது, சில்லி பிரீஸ் என்றால் சன்னலைச் சாத்தச் சொல்லுகிறது. இருந்தும் கூல் சீசன் என்று தனியே எழுதினால் மழையை மறைத்ததாகும். டிசம்பரிலும் சனவரியிலும் பகலில் 27, 28 பாகை, இரவில் 24 அளவில் இருக்கும் ஓர் ஊரைக் கூல் என்று அறுதியிட்டுச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒப்பீட்டு வடிவம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது: கூலர் அண்ட் ரெய்னி. ஆண்டின் மற்ற மாதங்களைவிடக் குளிர்ச்சி, மழையும் உண்டு. கூலர் என்றால் ஐஸ் பெட்டி என்றும், பேச்சு வழக்கில் சிறை என்றும் பொருள் உண்டே என்று தொலைபேசியில் பையன் மடக்கினான். பெயராக வரும்போதுதான் அப்படி, ரெய்னியோடு கைகோத்து நிற்கும்போது யாரும் சிறையை நினைக்க மாட்டார்கள். மழை என்று நாமே எழுதுவதா என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வந்தவர் மழையைத் தானே காண்பார், நீ சொல்லாமல் விட்டதையும் காண்பார் என்றேன். அந்த வரியை இந்த ஆண்டு எழுதுவதில்லை, அடுத்த மாரிக்குப் பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவைத்தான்.

போகும் முன் விருந்தினர் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினான். சென்ற ஆவணியில் தங்கிய ஒருவர் த ஓனர் வாஸ் கூல் வித் அவர் லேட் அரைவல் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் த குக் வாஸ் கூல் டுவர்ட்ஸ் அஸ் என்று எழுதியிருந்தார். இரண்டையும் புகழ்ச்சி என்று நினைத்துச் சமையற்காரரிடம் வாசித்துக் காட்டியும் இருக்கிறான். முன்னிடைச்சொல்தான் இங்கே தீர்ப்புச் சொல்கிறது. கூல் வித் என்றால் பிந்தி வந்ததைப் பெரிதுபடுத்தவில்லை, நல்ல மனிதர். கூல் டுவர்ட்ஸ் என்றால் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூல் என்று தனியே சொன்னால், 1930கள், 40களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களின் பேச்சிலிருந்து பரவி இன்றுவரை தேயாமல் வழங்கும் பாராட்டு. கோல்ட் என்று எழுதியிருந்தால் ஐயமே இருந்திருக்காது. மனிதருக்கு வரும்போது கோல்ட் எப்போதும் குறைதான். கண்ணியமாகக் கோபத்தை மறைத்துக்கொண்டு பேசுபவரை ஃப்ரோஸ்ட்டி என்பார்கள். சமையற்காரர் அன்று தடிமனோடும் தலையிடியோடும் இருந்தாராம், பாவம்.

இங்கேதான் தமிழ் நமக்குக் குழி பறிக்கிறது. நமக்குக் குளிர்ச்சி அருள். கண் குளிரக் காண்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம். கோபம் ஆறுகிறது, துக்கத்துக்கு ஆறுதல் சொல்கிறோம். நீருக்கே தண்மையைச் சேர்த்துத் தண்ணீர் என்கிறோம். பனியில் விறைத்த நாட்டில் வளர்ந்த ஆங்கிலத்துக்கு அன்பு வெப்பமானது, குளிர் கொடுமையானது. 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பின் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்காகச் சில மாதங்கள் மொழிபெயர்த்தேன். தற்காலிகக் கொட்டில் ஒன்றின் வாசலில் நின்ற ஓர் ஆச்சி, வந்த அலுவலரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்களைக் கண்டதும் மனம் குளிர்ந்து போச்சு மோனை" என்றார். காலையிலிருந்து பேசிப் பேசி நா வறண்டிருந்த நான், ஹேர் ஹார்ட் ஹாஸ் கோன் கோல்ட் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அலுவலரின் கைகள் ஆச்சியின் கைகளுக்குள்ளேயே ஒரு கணம் விறைத்ததைக் கண்டேன். என்ன தவறு செய்தோம் என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சொற்களை மாற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆச்சிக்கு எதுவும் தெரியாது, அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் பலகையின் கடைசி வரியை நானே எழுதிக் கொடுத்தேன். தமிழில் மனம் குளிர வரவேற்கிறோம் என்று அவன் ஏற்கெனவே தீர்மானித்திருந்தான். அது நல்ல வரி, அதைத் தொடவில்லை. அதன் கீழே ஆங்கிலத்தில் வோர்ம் வெல்கம் என்று வைத்தேன். மறுவாரம் எழுத வந்தவர் தூரிகையை எடுக்கும் முன் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு, "மேலே குளிர், கீழே வோர்ம், பிழை ஒண்டும் இல்லையே ரீச்சர்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இல்லை என்றேன். தம்பி அருகில் நின்று விரல் விட்டு எண்ணினான், பதினொரு எழுத்து.